வழி காட்டும் பெட்டி
சங்க வண்டிக்கு வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பயன்படுத்துவது?

நமது சங்கங்களில் பலவற்றுக்கு இப்போது சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இருக்கின்றது. நெசவாளர் சங்கத்தின் போர்வையும் துண்டும் வெளியூர்ப் பொருட்காட்சிகளுக்குப் போகின்றன. விவசாயிகள் சங்கத்தின் காய்கறியும் மஞ்சளும் தூரத்துச் சந்தைகளுக்குப் போகின்றன. வழி தெரிந்த பழைய டிரைவர் வேலையை விட்டு நீங்கி, புதியவர் ஒருவர் வந்து சேர்ந்ததும், "வழி காட்டும் கருவி ஒன்று வாங்கலாமா?" என்ற கேள்வி நிர்வாகக் குழுவின் முன் வருவது இயல்பே. சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும் இடங்களில் இக்கேள்வி நம்மிடமும் கேட்கப்படுகின்றது. அங்கத்தினர்களுக்குப் பயன்படுமென்று கருதி, நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். நாமே பங்கு கொண்ட ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்லுகின்றோம்.

கருவி செய்வது என்ன?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசாங்கம் அமைத்து நடத்திவரும் செயற்கைக்கோள் ஏற்பாடு. பூமிக்குச் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றி வரும் கோள்கள் இதில் உண்டு. உலகம் முழுவதற்கும் பயன்பட வேண்டுமானால் 24 கோள்கள் வேண்டும். அதற்குச் சற்று மிகுதியாகவே இப்போது இயங்கி வருகின்றன. ஒவ்வொரு கோளிலும் மிக நுட்பமான அணுக் கடிகாரம் ஒன்று இருக்கின்றது. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்பதை அது வானொலி அலை மூலம் ஓயாது அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அலை நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் கொண்டு, கோள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைக் கருவி கணக்கிடுகின்றது.

தோட்டத்தில் நட்ட மூன்று முளைகளிலிருந்து மூன்று கயிறுகளை இழுத்துப் பிடித்தால், அவை கூடும் புள்ளி ஒன்றே அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் கருவியிலுள்ள கடிகாரம் கோளின் கடிகாரத்தைப் போல் உயர்ந்ததன்று. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் பிழைத்துவிடும். அப்பிழையைத் திருத்துவதற்காக நான்காவது கோள் ஒன்றும் வேண்டியிருக்கின்றது. ஆகவே குறைந்தது நான்கு கோள்கள் தெரியக்கூடிய திறந்த வானம் அவசியம். வெளியான இடத்தில் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் அடர்ந்த மரங்களின் கீழும் தடுமாறும். மேம்பாலத்தின் மேலிருக்கிறோமா, கீழ்ச்சாலையில் இருக்கிறோமா என்பதில் சில வேளை ஏமாந்துபோகும்.

இந்த ஏற்பாடு 1995-இல் முழுமை பெற்றது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலையின் நுட்பத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த வழக்கம் 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் காருக்குள் எடுத்துவைத்துக் கொள்ளும் சிறு கருவிகள் பெருகின. கார்மின், டாம்டாம் முதலிய பெயர்களில் வெளிநாட்டுக் கருவிகளும், நம் நாட்டு மேப்மைஇண்டியாவின் கருவிகளும் வந்தன.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். "கருவி வாங்கினால் வண்டி எங்கே நிற்கிறது என்பது சங்க ஆபீசில் தெரிந்துவிடும்" என்று சில காரியதரிசிகள் எண்ணுகின்றனர். வழிகாட்டும் கருவி கேட்கும், பேசாது. கோள்களின் அலையைப் பெறுமேயன்றி, வண்டியின் இடத்தை வேறெவருக்கும் அது அறிவிப்பதில்லை. வண்டியைக் கண்காணிக்கும் கருவி வேறு. அதற்குள் செல்போன் சிம் இருக்கும். மாதச் செலவும் உண்டு. எது வேண்டுமென்பதைத் தீர்மானித்த பிறகே விலைப்புள்ளி கேட்க வேண்டும்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், நம்முடைய யோசனையின் பேரில் இத்தகைய கருவி ஒன்று வாங்கப்பட்டது. அவ்வாண்டு மைசூரில் நடந்த ஒரு பொருட்காட்சிக்குச் சரக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. கருவியில் ஊரைக் குறித்துப் பார்த்தார்கள். சத்தியமங்கலம், திம்பம் வழியாக ஐந்து மணி நேரத்திற்குள் போய்விடலாமென்று அது காட்டிற்று. "மாலை 7 மணிக்குப் புறப்பட்டால் நள்ளிரவுக்குள் சேரலாம், விடிந்ததும் கடை பரப்பலாம்" என்று குழு முடிவு செய்து, அவ்வாறே டிரைவருக்கு உத்தரவிட்டது.

வண்டி பண்ணாரியை அடைந்தபோது இரவு 9 மணி கடந்துவிட்டது. சோதனைச் சாவடியில் தடுப்பு இறக்கப்பட்டிருந்தது. திம்பம் மலைப்பாதை 27 கொண்டை ஊசி வளைவுகளுடன் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்வது. வனவிலங்குகளைக் காக்கும் பொருட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அவ்வழியில் இரவுப் போக்குவரத்துத் தடை 2022-இல் நடைமுறைக்கு வந்தது. கருவியிலிருந்த வரைபடமோ அதற்கு முந்தியது. அது தூரத்தை அறியும், வளைவுகளை அறியும், தடுப்பு இறங்கும் நேரத்தை அறியாது.

டிரைவரும் விற்பனையாளரும் வண்டியிலேயே இரவைக் கழித்தனர். காலை 6 மணிக்குப் புறப்பட்டு அவர்கள் மைசூர் சேருவதற்குள் பொருட்காட்சி திறந்துவிட்டது. கடை விரித்தபோது பிற்பகல். அது ஞாயிற்றுக்கிழமை; நல்ல விற்பனை நடந்திருக்க வேண்டிய முதல் நாள் வீணாயிற்று. அந்தச் சரக்கில் தறிக்காரர்களின் மூன்று மாத உழைப்பு அடங்கியிருந்தது.

அடுத்த கூட்டத்தில், நஷ்டத்தில் ஒரு பகுதியை டிரைவரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. டிரைவர் எழுந்து, "ஐயா, நேரத்தை நிச்சயித்தது நான் அல்ல. பெட்டி சொன்னபடி போ என்று உத்தரவு, போனேன்" என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். நம்முடைய அபிப்பிராயம் கேட்கப்பட்டது. கருவியை வாங்கச் சொன்னவர் நாம். வரைபடத்தைப் புதுப்பிக்கச் சொல்லாமல் விட்டவரும் நாம். பழக்கிக் கொடுக்காமல் ஒப்படைத்தது குழு. எவரையும் கேளாமல் நேரம் குறித்ததும் குழு. இவற்றில் டிரைவரின் குற்றம் யாது? இதை அப்படியே கூறினோம். தலைவர் பெரியவர், சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, தீர்மானத்தைத் திரும்பப் பெறச் செய்தார். சத்தியமங்கலத்தில் ஒரு டீக்கடையில் கேட்டிருந்தாலும் போதும், தடையை எவரும் சொல்லியிருப்பர். "வாயில் இருக்கிறது வழி" என்ற பழமொழி பெட்டி வந்த பின்னும் பொய்யாகிவிடவில்லை.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தனிக் கருவி அவசியந்தானா என்பது. 2009-இல் கூகுள் நிறுவனம் செல்போனிலேயே இலவசமாக வழிகாட்டத் தொடங்கிய பின் தனிக் கருவிகளின் விற்பனை குறைந்துவிட்டது. டிரைவரிடம் நல்ல செல்போன் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். போகும் வழியின் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால், மலைப்பாதையில் சிக்னல் இல்லாதபோதும் வழி காட்டும். ஆனால் வண்டிக்கு டிரைவர்கள் மாறி மாறி வருவார்களானாலும், பெரிய திரை வேண்டுமானாலும், தனிக் கருவி நல்லது.

இரண்டாவது, வரைபடம். கருவியின் விலையைவிட இதுவே முக்கியம். இந்திய வரைபடம் உள்ளதா, புதுப்பித்தல் இலவசமா, எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குக. கடையிலேயே உங்கள் கிராமத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். அகப்படவில்லையானால் அந்தக் கருவி நமக்கு உதவாது.

மூன்றாவது, மின்சாரம். கருவியின் சொந்த பாட்டரி சிறிது நேரமே தாங்கும். வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்தாக வேண்டும். கார்களில் 12 வோல்ட்; பெரிய லாரிகளில் 24 வோல்ட். சார்ஜர் இரண்டையும் ஏற்குமா என்று பாராமல் செருகினால் கருவி கெட்டுவிடும்.

நான்காவது, வண்டியின் அளவு. காருக்கான கருவி, தாழ்ந்த ரயில்வே பாலத்தையும் பாரம் தாங்காத பாலத்தையும் பொருட்படுத்தாது. உயரமும் எடையும் குறிக்கக்கூடிய லாரிக் கருவிகள் தனியே உண்டு.

ஐந்தாவது, பழைய கருவியை மலிவென்று வாங்கலாகாது. ஜி.பி.எஸ். கோள்கள் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவ்வாறு 2019 ஏப்ரல் 6-இல் எண்ணிக்கை திரும்பியபோது, புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகள் தேதியைத் தவறாகக் காட்டின. மேலும், வரைபடம் நிறுத்தப்பட்ட கருவி வெறும் பெட்டியே. வாங்கியதும் ரசீதைப் பத்திரப்படுத்திச் சாமான் பதிவேட்டில் பதிந்துவிடுக. தணிக்கையின்போது நாம் கேட்போம்!

பயன்படுத்தும் முறை

புதுக் கருவியை முதன்முதலில் திறந்த வெளியில் வைத்துச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். கோள்களின் முழு விவரத்தையும் பெற 12½ நிமிஷம் பிடிக்கும். போகுமிடத்தை வண்டி நிற்கும்போதே குறித்துவிட வேண்டும். புதூர், பாளையம் என்ற பெயரில் ஊர்கள் பல. ஜில்லாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுப்பதானால், 11.50 பாகை என்பது 11 பாகை 50 கலை அன்று, 11 பாகை 30 கலையே என்பதை மறக்கலாகாது. இதில் பிழைத்தால் 35 கிலோமீட்டருக்கு மேல் தவறிவிடும்.

"குறுகிய வழி" என்பதைவிட "விரைவான வழி" என்பதைத் தேர்ந்தெடுப்பதே சரக்கு வண்டிக்கு நன்று. குறுகிய வழி வண்டிப் பாதைக்குள் கொண்டுபோய் விடக்கூடும். பார்வையை மறைக்காத இடத்தில் கருவியைப் பொருத்துக. திருப்பத்தைத் தவறவிட்டால் பதறி நிறுத்த வேண்டாம். கருவி வேறு வழி கணக்கிட்டுச் சொல்லும். 2020 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்த அனுமதித்தது. இறங்கும்போது கருவியை வெயிலில் விட்டுச் செல்லலாகாது, பாட்டரி கெடும்.

முடிவாக ஒன்று. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்துச் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். இந்திய நிலம் முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும்பணி அதன்மேல் எழுந்தது. வானத்துக் கோள் நாம் நிற்கும் புள்ளியை மட்டுமே சொல்லும். அப்புள்ளியைச் சுற்றியுள்ள சாலையும் பாலமும் சாவடியும் மனிதர் நடந்து கண்டு எழுதியவை. எழுதிய பின் நிலம் மாறும், விதிகளும் மாறும். ஆகவே கருவியை வாங்குங்கள், வரைபடத்தைப் புதுப்பியுங்கள், புறப்படுமுன் வழி அறிந்தவர் ஒருவரைக் கேளுங்கள். நாம் சொன்ன சங்கத்தில் இப்போது வண்டி புறப்படும் நேரத்தை டிரைவரைக் கலந்தே குறிக்கிறார்கள். மறு ஆண்டு மைசூருக்குச் சரக்கு முதல் நாள் மாலையிலேயே போய்ச் சேர்ந்தது.