பால் கொடுக்கும் காலம் – 11: பருவுக்கு மருந்து எழுதும்போது

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளில் ‘பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதைத்தான் இந்தத் தொடர் முதல் வாரத்திலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறது. கர்ப்பிணிக்கான எச்சரிக்கையைப் பால் கொடுப்பவளுக்கும் அப்படியே நீட்டிவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்பது வரை சென்ற வாரம் வந்திருந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் சொன்னபடி முகப்பரு மருந்துகள். இவற்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த வரி முழுக்கச் சரியாக இருக்கும் மருந்து, பாதி சரியாக இருக்கும் மருந்து, பெரும்பாலும் தேவையே இல்லாத மருந்து என மூன்று வகையும் இந்த ஒரே நோயின் மருந்துச் சீட்டில் சேர்ந்து வருகின்றன. மூன்றுக்கும் எச்சரிக்கை வாசகம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முழுக்கச் சரியாக இருப்பது ஐசோட்ரெடினோயின் மாத்திரைக்கு. வைட்டமின் ஏ-யின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மருந்து 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டி கட்டியாக எழும்பித் தழும்பில் முடிகிற கடும் பருவுக்கு இதற்கு ஈடான மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அனுமதி கிடைத்த மறு ஆண்டே, கர்ப்ப காலத்தில் இதை விழுங்கிய பெண்களுக்குக் காதும் இதயமும் மூளையும் சரியாக உருவாகாத குழந்தைகள் பிறந்த செய்திகள் வரத் தொடங்கின. பால் கொடுக்கும்போது இது கூடாது என்பதற்குக் காரணம் வேறு. இது கொழுப்பில் கரையும் பொருள். பாலில் கொழுப்பு உண்டு. தாய்ப்பாலில் எவ்வளவு வருகிறது என்று அளந்த ஆய்வு கிடையாது. தீங்கு செய்யும் இடமோ வளர்கிற உடல். இம்மூன்றும் சேரும்போது அளவு தெரியாமல் ஒரு பச்சைப் பிள்ளையிடம் சோதித்துப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. பால் மறக்கடித்த பிறகு தொடங்கலாம். அதுவரை கைகொடுக்க வேறு மருந்துகள் இருக்கின்றன.

அந்த வேறு மருந்துகளில் முதலில் வருபவை பூசுபவை. ட்ரெடினோயின் க்ரீமும் அடாப்பலின் ஜெல்லும் அதே வைட்டமின் ஏ குடும்பம் என்பதால் பலருக்குப் பயம். ஆனால் முகத்தில் பூசும் ட்ரெடினோயினில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தோலைத் தாண்டி உள்ளே போகிறது. அடாப்பலின் அதைவிடவும் சொற்பம். பென்சாயில் பெராக்சைடில் ஐந்து சதவீதம் அளவுக்கு உள்ளே போனாலும் பென்சாயிக் அமிலமாக மாறிச் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. அசெலாயிக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும் இயல்பாகவே இருக்கும் பொருள். கிளிண்டாமைசின் ஜெல்லும் முகத்தளவில் கவலைக்குரியதல்ல. கருவில் இருக்கும் சிசுவுக்குத் தாயின் ரத்தத்தில் ஓடுவது நஞ்சுக்கொடி வழியே நேரே போய்ச் சேரும். பால் குடிக்கும் பிள்ளையின் நிலை அப்படியல்ல. தாயின் தோலையோ குடலையோ கடந்து, ரத்தத்திலிருந்து பாலுக்குள் இறங்கி, பிறகு பிள்ளையின் குடலையும் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மருந்து குறைகிறது. எடைக்கு எடை கணக்கிட்டு, தாய் எடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே பிள்ளைக்குப் போனால் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். பூசும் மருந்துகளில் கவனிக்க வேண்டியது வேறொன்று: மார்பில் பூசக் கூடாது, பூசிய கையைக் கழுவ வேண்டும், பிள்ளையின் கன்னம் உரசுகிற இடத்தில் ஈரம் காயாமல் இருக்கக் கூடாது.

இனி டெட்ராசைக்ளின். இந்த வாரம் முழுவதும் என்னைப் பிடித்து வைத்திருந்தது இதுதான்; பக்கத்தில் தன் பங்குக்கு மேல் இடம் பிடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பருவுக்குப் பல பத்தாண்டுகளாக எழுதப்படும் ஆன்டிபயாடிக் குடும்பம் இது. 1950-களில் இந்த மருந்தை நீண்ட நாள் சாப்பிட்ட குழந்தைகளின் பற்கள் மஞ்சளும் சாம்பலுமாகக் கறையேறியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். டெட்ராசைக்ளின் கால்சியத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். பல் உருவாகும் வயதில் ரத்தத்தில் இருந்தால் பல்லோடு சேர்ந்து படிந்துவிடும். எட்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்ற விதி அதிலிருந்து வந்தது. அந்த விதியின் நிழல்தான் பால் கொடுக்கும் தாய்மார் மேலும் விழுந்தது. ஆனால் அதே 1950-களில் அமெரிக்காவில் பத்துத் தாய்மாருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் மூன்று நாள் டெட்ராசைக்ளின் கொடுத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். பாலில் லிட்டருக்குச் சராசரியாக 1.14 மில்லிகிராம் இருந்தது. பிள்ளைகளின் ரத்தத்தில் அளக்கும்படியாக எதுவும் இல்லை. முக்கால் லிட்டர் பால் குடித்தாலும் பிள்ளையின் வயிற்றுக்குப் போவது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. தாய் விழுங்கியது 2,000 மில்லிகிராம். அந்தச் சொற்பத்தையும் பாலிலிருக்கும் கால்சியமே பற்றிக்கொள்வதால் குடல் அதை உறிஞ்ச முடிவதில்லை. இந்த மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள் என்று பெரியவர்களுக்குச் சொல்வதற்கும் காரணம் இதுவே. பல்லைக் கெடுக்கும் அதே குணம் பாலுக்குள் வந்ததும் பிள்ளைக்குக் காவலாகிவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2001-இல் வெளியிட்ட பட்டியலில் டெட்ராசைக்ளின் பாலூட்டலுக்கு ஒத்துப்போகும் மருந்துகளோடு இருந்தது.

இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பர்ன் வயலிலிருந்து எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு பொன்னிற நுண்ணுயிரியிலிருந்து லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் டகர் பிரித்தெடுத்த ஔரியோமைசின்தான் முதல் டெட்ராசைக்ளின். அப்போது அங்கே ஆய்வுப் பிரிவை நடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு அமெரிக்கா போனவர். 1948-இல் ஔரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

இப்போது நியாயமான ஒரு மறுப்பு வரும். இன்று பருவுக்கு எழுதுவது பழைய டெட்ராசைக்ளினை அல்ல, டாக்சிசைக்ளினைத்தானே? ஆமாம். டாக்சிசைக்ளின் கால்சியத்தை அவ்வளவு இறுக்கமாகப் பற்றுவதில்லை; அதனால்தான் அதைச் சாப்பாட்டோடு சாப்பிட முடிகிறது. காவலும் அந்த அளவுக்குத் தளர்கிறது. மூன்று வாரத்துக்கு உட்பட்ட சிகிச்சை என்றால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்பது இன்று பரவலான மருத்துவக் கருத்து. பருவுக்கோ மூன்று மாதம் வரை எழுதுகிறார்கள். ஆகவே காய்ச்சலுக்காக ஏழு நாள் டாக்சிசைக்ளின் சாப்பிடும் தாயும் பருவுக்காக மூன்று மாதம் சாப்பிடும் தாயும் ஒன்றல்ல. முதலாமவரைப் பயமுறுத்துவது தவறு. இரண்டாமவருக்கு மாற்று மருந்து தேடுவது சரி. துண்டுத்தாளோ நாள் கணக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. மினோசைக்ளின் சாப்பிட்ட பெண்களுக்குப் பால் கறுத்து வந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அதைத் தவிர்க்கச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை.

பெரிய மறுப்பு இன்னொன்று. பரு என்ன உயிர் போகிற நோயா, பால் குடி முடியும்வரை பொறுத்தால் என்ன, எச்சரிக்கையாக இருப்பதில் என்ன நஷ்டம் என்பார்கள். லேசான பரு என்றால் பொறுக்கலாம்தான். தழும்பு விழும் பரு பொறுக்காது. விழுந்த தழும்பு போகவும் போகாது. அதைவிட முக்கியமானது, எச்சரிக்கைக்கு நஷ்டம் உண்டு என்பது. துண்டுத்தாளைப் படித்துப் பயந்த தாய் மருந்தை மட்டும் நிறுத்துவாள் என்று எண்ணுகிறோம். பாலை நிறுத்திப் பவுடர் டப்பாவை வாங்குகிறவர்களும் உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, ஒரு ஜெல்லுக்காக அதை இழப்பது எந்தக் கணக்கில் சேரும்? இன்னும் சிலர் மருத்துவரை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமுக்குப் போகிறார்கள். பூசிய சில நாள் முகம் பளிச்சென்றாகும். பிறகு அந்த ஸ்டீராய்டே பருவைக் கிளப்பிவிடும். வெற்று எச்சரிக்கை தாயை ஆபத்திலிருந்து விலக்காமல், அளந்து பார்த்த மருந்திலிருந்து அளக்காத ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2015 ஜூன் 30 முதல், கர்ப்பத்துக்கான ஏ, பி, சி, டி, எக்ஸ் எழுத்துகளைக் கைவிட்டு, பாலூட்டலுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, பாலில் எவ்வளவு வருகிறது, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்ததை எழுதச் சொன்னது. நம் துண்டுத்தாள்களிலும் அப்படி எழுத வேண்டும் என்பதுதான் நான் வாராவாரம் கேட்பது. அதுவரை, கையிலிருக்கும் மருந்தைத் தானாக நிறுத்தாமலும் தானாகத் தொடங்காமலும், ‘பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன், எத்தனை நாளைக்கு இந்த மருந்து?’ என்ற கேள்வியைத் தோல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஹார்மோன் வழியாகப் பருவை அடக்கும் மாத்திரைகளையும் இந்த வாரமே முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். டெட்ராசைக்ளின் இடத்தை எடுத்துக்கொண்டது. அவற்றில் ஒன்றான ஸ்பைரோனோலாக்டோனை 1977-இல் ஒரே ஒரு தாயிடம் அளந்ததில், அவர் எடுத்த அளவில் அதிகபட்சம் 0.2 சதவீதம்தான் பாலில் வந்தது. ஒரு தாயின் அளவை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பது ஒரு கேள்வி. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரையில் பயம் பிள்ளைக்கு மருந்து போய்விடும் என்பதைவிட, பாலே குறைந்துவிடும் என்பது. பிரசவமான ஆறு வாரத்துக்குள் பால் கொடுப்பவர்களுக்கு அது கூடவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருப்பதையும், ஆறு மாதம் வரை அந்தத் தயக்கம் நீள்வதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.