சண்டையை நிறுத்தும் சுவிட்ச்... திருடன் கையில்!

“எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு, அதான் கான்சர் வந்துடுச்சு. நாலு மாசம் சத்து மாவு கரைச்சுக் குடுங்க, சரியாயிடும்!”

கல்யாணப் பந்தியில் ஆரம்பித்து ஆஸ்பத்திரி வராந்தா வரை இந்த வசனம் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். இதைச் சொல்லியே டப்பா டப்பாவாகப் பவுடர் விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால், பல நோயாளிகளின் உடம்புக்குள் நடக்கிற கதையே வேறு. கான்சரோடு மல்லுக்கட்ட வேண்டிய அணுக்கள் அங்கே இல்லாமல் இல்லை. கட்டிக்குள்ளேயே போய் இறங்கியிருக்கும். ஆனால், கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கும்!

ஏன் அப்படி?

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ‘டி செல்’ என்று ஒரு ரகம் உண்டு. உடம்பு முழுக்க ரோந்து சுற்றுவது இதன் வேலை. வைரஸ் புகுந்த செல்லையோ, தறிகெட்டுப்போன செல்லையோ கண்டுபிடித்தால் அந்த இடத்திலேயே தீர்த்துக்கட்டிவிடும். மகா முரடன்! இப்படிப்பட்ட முரடனைச் சண்டை முடிந்த பிறகும் விட்டுவைத்தால் என்ன ஆகும்? நல்ல செல்களையும் சேர்த்து அடித்துவிடுவான் இல்லையா? தெருச் சண்டையில் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து, “போதும் விடுப்பா” என்று தோளில் தட்டுவாரே, அந்த மாதிரி ஓர் ஏற்பாடு உடம்பிலும் உண்டு.

டி செல்லின் மேற்பரப்பில் பி.டி.-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. இதுதான் பெரியவரின் பேச்சைக் கேட்கும் காது. டாக்டர்கள் இதை ‘ஏற்பி’ என்பார்கள். மற்ற செல்கள் தேவைப்படும்போது பி.டி.-எல்1 என்ற புரதத்தை வெளியே நீட்டும். அதுதான் பெரியவரின் குரல். இரண்டும் ஒட்டிக்கொண்டால் டி செல் அடங்கிவிடும்.

இந்தக் காதைக் கண்டுபிடித்த கதையும் சுவாரஸ்யம்தான். 1992-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டசுகு ஹோன்ஜோவின் குழுவினர் தேடியது வேறொன்றை. செல்கள் தாமாகவே சாகும்போது எந்த ஜீன் வேலை செய்கிறது என்று பார்க்கப் போய், இது கையில் அகப்பட்டது. ‘புரோகிராம்டு டெத்’ என்று சாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். (உண்மையான வேலை தெரிந்த பிறகும் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது!) பிறகு இந்த ஜீன் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். வயது ஏற ஏற அவற்றுக்கு மூட்டு வீங்கியது, சிறுநீரகம் கெட்டது. தடுத்து நிறுத்த ஆளில்லாமல் சொந்த உடம்பையே அவற்றின் எதிர்ப்பு அணுக்கள் தாக்கியிருந்தன. 1999-ல் இது வெளியானபோதுதான் இந்த பிரேக்கின் அருமை உலகத்துக்குப் புரிந்தது.

இனி திருடனுக்கு வருவோம். சில கான்சர் செல்கள் பி.டி.-எல்1 புரதத்தை ஏராளமாக உற்பத்தி செய்து, உடம்பெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. அதாவது, பெரியவர் குரலிலேயே திருடன் பேசுகிறான். அடிக்க ஓங்கிய டி செல்லும் “சரிங்க ஐயா” என்று கையை இறக்கிவிடுகிறது.

அப்படியானால் காதைப் பொத்திவிட்டால்? இதே யோசனையில் பிறந்தவைதான் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மருந்துகள். முதலாவது ஜப்பானிலும் இரண்டாவது அமெரிக்காவிலும் 2014-ல் அனுமதி பெற்றன. நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். கீமோ மாதிரி இவை கான்சரை நேரடியாகக் கொல்வதில்லை. கட்டிப்போட்ட டி செல்லை அவிழ்த்துவிடுகின்றன, அவ்வளவுதான். சத்து மாவால் ஆகிற காரியம் இல்லை என்பது இப்போது புரிகிறதா? சி.டி.எல்.ஏ.-4 என்ற இன்னொரு பிரேக்கில் இதே வித்தையைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன். 2018-ல் ஹோன்ஜோவுக்கும் அவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல், 90 வயதில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. ஆபரேஷன், ரேடியேஷன், கூடவே பெம்ப்ரோலிசுமாப். அந்த வருட டிசம்பரிலேயே, ஸ்கேனில் கான்சரைக் காணோம் என்று அறிவித்தார். 2024-ல் காலமானபோது வயது 100!

உடனே துள்ளிக் குதித்துவிடாதீர்கள். எல்லாருக்கும் இப்படிப் பலிப்பதில்லை. நுரையீரல், சிறுநீரகம், தலை-கழுத்துக் கான்சர்களில் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. பலருக்குக் கேட்பதே இல்லை. கட்டியிலிருந்து எடுத்த சதையில் பி.டி.-எல்1 எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தால் ஓரளவு கணிக்கலாம். ஓரளவுதான்.

அடுத்த தலைவலி, விலை. நடுத்தரக் குடும்பத்தை ஆட்டிவைக்கிற விலை. மும்பை டாடா மெமோரியல் டாக்டர்கள் இதற்கு ஒரு வழி தேடினார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் ஏற்றும் நிவோலுமாபை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். முற்றிய தலை-கழுத்துக் கான்சர் நோயாளிகள் 151 பேரிடம் நடந்த சோதனை இது. குறைந்த செலவு மாத்திரைகளை மட்டும் சாப்பிட்டவர்களில், ஒரு வருடம் கழித்து நூற்றுக்குச் சுமார் 16 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். இந்தச் சிறு டோஸும் சேர்ந்தபோது அது சுமார் 43 ஆனது. 2022-ல் வெளியான முடிவு. வேறு கான்சர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும், “டாக்டர், குறைந்த டோஸ் எங்களுக்குச் சரிப்படுமா?” என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பிரேக்கை எடுத்த வண்டி அல்லவா? அந்த எலிகளுக்கு நடந்தது மனிதர்களுக்கும் நடக்கலாம். தைராய்டு கெடலாம், குடல் புண்ணாகிப் பேதி போகலாம், நுரையீரல் வீங்கி இருமலும் மூச்சிரைப்பும் வரலாம், மஞ்சள் காமாலை தட்டலாம். அபூர்வமாக இதயமும் பாதிக்கப்படும், திடீரெனச் சர்க்கரை நோயும் வரும். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்துக்கூட இவை தலைகாட்டும் என்பதுதான் சங்கடம். “பேதிதானே” என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடக்கிவிட முடியும். முடக்குவாதம் போன்ற நோய் ஏற்கெனவே இருந்தாலோ, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தாலோ, முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நடுராத்திரியில் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், “இவருக்கு இம்யூனோதெரபி ஏற்றியிருக்கு” என்று டியூட்டி டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, நோயாளியின் பர்ஸிலேயே வைத்துவிடுங்கள்.