காவிரிக் கரையில் கேன் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் ஆப்பிரிக்கா போய்வந்தவர்கள் என்றால் பெரும்பாலும் சிங்கம் பார்க்கப் போனவர்கள் அல்ல, போர் போடப் போனவர்கள். பள்ளிபாளையத்தை அடுத்த திருச்செங்கோடு, ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர். இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் அந்த வண்டியையோ, வண்டியின் முதலாளியையோ, பாறை துளைக்கும் ஹேமரைக் கையாளத் தெரிந்த ஆளையோ விசாரித்தால் கடைசியில் திருச்செங்கோட்டில் வந்து நிற்கும். அந்தத் தொழில் கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது. அங்கே பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக்கொடுக்கும் கூட்டத்தில் கொங்குத் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

ஆப்பிரிக்கக் கிராமங்களில் தண்ணீர் இறைக்கும் அடிபம்புக்கும் நம் பக்கம் ஒரு சொந்தம் இருக்கிறது. ‘இந்தியா மார்க் 2’ என்ற அந்தப் பம்பை யுனிசெஃப் துணையோடு உருவாக்கியபோது, 1970களின் நடுவில் கோயம்புத்தூர்ப் பகுதியில்தான் வைத்துச் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. அங்கிருந்து ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் பரவியது. ஊர் உலகத்துக்கெல்லாம் தண்ணீர் எடுக்க வழி சொன்ன மண் இது. இதே மண்ணில், அதுவும் காவிரிக் கரையிலேயே இருக்கும் பள்ளிபாளையத்தில், குடிக்கிற தண்ணீரை எப்படிக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஆப்பிரிக்காவையே பார்த்துவிடலாம். கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ வனவிலங்கு பார்க்கப் போகிறவர்களுக்குப் பயண ஏற்பாட்டாளர்கள் முதலில் சொல்வது தண்ணீர் பற்றித்தான். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பல் துலக்கக்கூட மூடி பிரிக்காத பாட்டில் தண்ணீரையே எடுங்கள், ஐஸ் கட்டி போட்ட பானம் வேண்டாம் என்பார்கள். கடையில் வாங்கும்போது மூடியைத் திருகிப் பார்த்து, வளையம் ‘டக்’ என்று அறுபடுகிறதா என்று கவனிக்கச் சொல்வார்கள். காட்டுக்குள் புழுதியும் வெயிலும் சேர்ந்து ஆளை வற்றவைத்துவிடும் என்பதால் நகரத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பெட்டி பெட்டியாக வாங்கி ஜீப்பில் ஏற்றுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது.

கென்யா அந்த வழக்கத்தை மாற்றியது. 2020 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளிலிருந்து, தேசியப் பூங்காக்கள், காடுகள், கடற்கரைகள் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2017இல், பிளாஸ்டிக் பைகளை நாடு முழுக்க ஒழித்த அரசு அது. இப்போது அங்கே போகிறவர்கள் கையில் ஒரு ஸ்டீல் பாட்டிலை வைத்துக்கொண்டு, தங்கும் விடுதியில் வடிகட்டிய தண்ணீரை நிரப்பிக்கொள்கிறார்கள். நம் நீலகிரியிலும் இதே தடை இருக்கிறது. பாட்டிலுக்குப் பதிலாகத் தண்ணீர் ஏடிஎம்கள் வைத்திருக்கிறார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் குப்பை ஆகாது என்று இரண்டு அரசுகளும் முடிவெடுத்தது நல்ல காரியம்.

ஆனால் சுற்றுலாப் பயணி வாங்கும் பாட்டில் ஆப்பிரிக்கத் தண்ணீர்க் கதையில் ஒரு சின்னப் பங்குதான். உள்ளூர்க்காரர்களின் தண்ணீர் மஞ்சள் நிற ஜெரிகேனில் வருகிறது. பெரும்பாலும் சமையல் எண்ணெய் வந்து காலியான கேன். கொள்ளளவு 20 லிட்டர். நைரோபியின் கிபேரா போன்ற குடிசைப் பகுதிகளில் குழாய் இல்லாதவர்கள் விற்பனையாளரிடம் கேன் கணக்கில்தான் வாங்குகிறார்கள். வசதியானவர் வீட்டுக்குக் குழாய் வழியாகக் குறைந்த விலையில் வரும் அதே தண்ணீருக்கு, ஏழை லிட்டருக்குப் பல மடங்கு கொடுக்கிறார்.

பள்ளிபாளையத்திலும் அளவு 20 லிட்டர்தான். நிறம் மட்டும் வேறு.

காலையில் தெருவில் குட்டியானை வண்டி வந்து நிற்கும். பின்பக்கம் முழுக்க நீலக் கேன்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருப்பார்கள். “அக்கா, கேன் போடட்டுங்களா?” என்ற குரல் கேட்டதும் வாசலுக்குக் காலி கேன் வரும். பையன் நிறைகேனைத் தோளில் தூக்கி வந்து, மூடியைச் சுற்றிய சுருக்கு உறையைக் கிழித்து, பானை மேலோ குழாய் வைத்த ஸ்டாண்டு மேலோ கவிழ்த்துவிட்டுப் போவான். மாடி வீடு என்றால் அஞ்சோ பத்தோ கூடுதல். தறி ஓடும் பட்டறையிலும் ஒரு கேன் மூலையில் இருக்கும். விசைத்தறியின் சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்குத் தொண்டை காயத்தான் செய்யும்.

ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. அக்கரையில் ஈரோடு, இக்கரையில் பள்ளிபாளையம். ஆடிப்பெருக்கன்று மஞ்சளும் பூவும் விடுவது இந்தத் தண்ணீரில்தான். நகராட்சிக் குழாயில் வருவதும் காவிரிதான். ஆனாலும் குடிப்பதற்கு என்றால் கேன். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பழக்கதோஷம், பகட்டு என்றெல்லாம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. மக்கள் பயந்து வாங்குகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

காரணம் சாயம். இங்கே தறியில் நெய்யும் லுங்கிக்கும் துண்டுக்கும் நூல் வேண்டும், நூலுக்கு நிறம் வேண்டும். பருத்தி நூலில் சாயம் ஒட்டிப் பிடிக்க உப்புப் போட்டாக வேண்டும். சாயத்தொட்டியில் அடர்த்தியான நிறம் ஏற்ற லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல்கூட உப்புச் சேர்ப்பார்கள். கடல் தண்ணீரில் இருப்பதே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். வேலை முடிந்ததும் சாயத்தில் ஒரு பகுதியும், உப்பு ஏறக்குறைய முழுவதும், கழிவுத் தண்ணீரில் தங்கிவிடும். சட்டப்படி அதைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி வழியாகச் செலுத்தி, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைத்து, ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் முடிக்க வேண்டும். அது செலவு பிடித்த வேலை. செலவைத் தவிர்க்க நினைக்கும் பட்டறை, குறிப்பாக அனுமதியே இல்லாத பட்டறை, இரவிலோ மழை நாளிலோ ஓடையில் திறந்துவிட்டுவிடுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வப்போது வந்து மின் இணைப்பைத் துண்டிக்கும், தொட்டிகளை இடிக்கும். கொஞ்ச நாளில் வேறொரு சந்தில் வேறொரு தொட்டி முளைக்கும்.

நொய்யல் ஆற்றில் இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஒரத்துப்பாளையம் அணையும் அதன் கீழ் நிலங்களும் கெட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நொய்யலைப் போலக் காவிரி வற்றிக் கிடக்கும் ஆறு அல்ல, தண்ணீர் வரத்து அதிகம், அதனால் கழிவு கரைந்து போய்விடுகிறது என்பது பலருடைய தைரியம். ஆனால் இங்கே ஆறு எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. மேட்டூருக்குக் கீழே மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணைகள் கட்டியிருக்கிறார்கள். ஓடப்பள்ளிக் கதவணையில் தண்ணீர் தேங்கி நிற்கும் மாதங்களில் கரையோரம் போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்ததுபோல் ஆற்றை மூடியிருக்கும். சாக்கடையும் கழிவும் கொடுக்கும் உரத்தில்தான் அது அப்படிக் கொழுத்து வளர்கிறது. மேட்டூரிலிருந்து குடிநீருக்கு மட்டும் கொஞ்சம் திறந்துவிடும் கோடையில் நிலைமை இன்னும் மோசம்.

அக்கரை ஈரோடு என்ன செய்தது தெரியுமா? தன் ஊருக்குப் பக்கத்தில் எடுக்கும் தண்ணீரை நம்பாமல், பவானிக்கும் மேலே ஊராட்சிக்கோட்டையிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தது. நானூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவான திட்டம். ஆறு வீட்டு வாசலில் இருக்க, அதே ஆற்றின் தண்ணீரை மேலே போய் எடுத்துவர வேண்டியிருந்தது என்றால், வாசலில் ஓடுவதைப் பற்றி அரசாங்கமே என்ன நினைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காய்ச்சிக் குடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆவியானது போக மிஞ்சும் தண்ணீரில் உப்பின் அடர்த்தி கூடத்தான் செய்யும். மணல் வடிகட்டியும் குளோரினும் கரைந்த உப்பை ஒன்றும் செய்வதில்லை. போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாத தெருக்களில் ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர வழியில்லை என்பது உண்மைதான். அதனால்தான் கேன்.

சரி, கேனை நம்பலாமா? இங்கேதான் நாம் அசட்டையாக இருக்கிறோம். பால் வாங்கும்போது முகர்ந்து பார்க்கும் வீடு, தண்ணீர்க் கேனின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

பாட்டில் தண்ணீர் இந்தியாவுக்கு வந்தது 1965இல், இத்தாலியப் பெயர் கொண்ட பிஸ்லேரி பம்பாயில் கடை விரித்தபோது. அப்போது கண்ணாடி பாட்டில், நட்சத்திர ஓட்டல் சமாசாரம். நாற்பது ஆண்டுகளுக்குள் அது பெட்டிக்கடைக்கு இறங்கியது. 2001இல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கினார்கள். 2003இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பெயர்பெற்ற பாட்டில்களிலும் பூச்சிமருந்து எச்சம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது. அதன் பிறகு தரவிதி இறுகியது. 2024 அக்டோபரில் ஐ.எஸ்.ஐ. கட்டாயம் என்ற விதியை நீக்கினார்கள். அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வு கட்டாயம் என்றது. ஆய்வு காகிதத்தில் நடக்கிறதா ஆலையில் நடக்கிறதா என்பதைத்தான் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும்.

கேன் வந்ததும் பார்க்க வேண்டியது அதிகமில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், தயாரித்த ஆலையின் முகவரி, நிரப்பிய தேதி, எதற்குள் குடிக்க வேண்டும் என்ற குறிப்பு. இவை மூடி உறையிலோ லேபிளிலோ இல்லையென்றால் அது ஏதோ ஒரு குழாயில் பிடித்த தண்ணீர். கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் பச்சைப் படலம் தெரியக்கூடாது. உள்ளே கீறல் விழுந்து மங்கிப்போன கேனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கீறலில் பாசி ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் போகாது. வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் வண்டியிலிருந்து வாங்காமல் இருப்பது நல்லது. இப்போது பலர் டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, எண் குறைவாகக் காட்டினால் நல்ல தண்ணீர் என்று தீர்ப்பு சொல்கிறார்கள். அந்த மீட்டர் உப்பை மட்டும்தான் அளக்கும். கழுவாத கேனில் ஊற்றிய ஆர்.ஓ. தண்ணீரில் கிருமி இருந்தால் அதற்குத் தெரியாது. நாம் கவிழ்த்து வைக்கும் பானையையும் குழாயையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால், ஆலை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் நிலத்தடியிலிருந்துதான். உள்ளே போகும் தண்ணீரில் கால் பங்கிலிருந்து பாதி வரை, உப்பு செறிந்த கழிவாக வெளியே வந்துவிடும். அனுமதியில்லாமல் நிலத்தடி நீர் உறிஞ்சும் ஆலைகளை மூடச் சொல்லி 2020இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் கண்டித்தபோது, கேன் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களிலேயே தமிழ்நாட்டு நகரங்கள் தவித்துப்போயின. குழாயைக் கைவிட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒரு கேன். கேன் 30 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 450 ரூபாய். கோடையில் இன்னும் கூடும். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு சினிமாச் செலவு. மீட்டர் கணக்கில் கூலி வாங்கி, வாரக் கடைசியில் கடன் தவணையும் கட்டும் தறிக்காரக் குடும்பத்துக்கு அது அரிசிக் காசு. பாட்டில் தண்ணீர் மீதான ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து ஈரோடு ஜங்ஷனில் ஒரு லிட்டர் ரயில் நீர் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாய் ஆனது. முன்னே, 2013 செப்டம்பரில், அம்மா குடிநீர் என்று 10 ரூபாய்க்குப் பஸ் நிலையங்களில் விற்றதும் நினைவிருக்கும். இவையெல்லாம் பயணிக்கு உதவும். வீட்டுக்குள் இருக்கிறவருக்கு உதவாது. துணிக்கு நிறமேற்றிய லாபம் ஒருவருக்குப் போகிறது, அந்தச் சாயத்தண்ணீருக்குப் பயந்து கேன் வாங்கும் செலவு அந்தத் துணியை நெய்தவர் தலையில் விழுகிறது. கிபேராவில் நடப்பதும் இதுதான்: இல்லாதவரே அதிக விலை கொடுக்கிறார்.

இதற்குப் பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நகராட்சியின் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் கீழும் ஒரு கரும்பலகை போதும். வாரம் ஒருநாள் தொட்டித் தண்ணீரின் உப்பளவு, குளோரின் அளவு, கிருமிப் பரிசோதனை முடிவு, எடுத்த தேதி ஆகியவற்றை எழுதிப் போடட்டும். அதே பலகையில், அந்த வார்டுக்குக் கேன் கொண்டுவரும் ஆலைகளின் உரிம எண்ணும், உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடைசியாக ஆய்வு செய்த தேதியும் இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும் வாரத்தில் தறிக்கார வீடு கேன் காசை மிச்சம் பிடிக்கும். கெட்டுப்போன வாரத்தில், எந்தச் சந்தில் எந்தத் தொட்டி திறந்தது என்று கேட்க வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு ஆள் போகும்.