பிறர் துணையின்றிப் பணப் பரிமாற்றம்: கைபேசியின் அணுகல் வசதிகள்

‘இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்’ என்பது வங்கிகளாகிய நாங்கள் ஓயாமல் கூறும் அறிவுரை. ஆனால், திரையில் உள்ளதைப் படிக்கப் பிறரை நாடும் பார்வையற்ற வாடிக்கையாளர் இவ்வறிவுரையை எவ்வாறு கடைப்பிடிப்பார்? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் பலருக்குத் தேவையான துணை, கையிலுள்ள திறன்பேசியிலேயே அமைந்துள்ளது. ‘அமைப்புகள்’ பகுதியில் ‘அணுகல்தன்மை’ என்னும் பிரிவைத் திறந்தால் அதனைக் காணலாம். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

பார்வைக் குறைபாடு உடையோருக்கு

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ‘டாக்பேக்’, ஐபோனில் ‘வாய்ஸ் ஓவர்’ ஆகியவை திரையைப் படித்துச் சொல்பவை. விரல் படும் இடத்தில் உள்ளதை இவை ஒலிவடிவில் கூறும். இருமுறை தட்டிய பிறகே பொத்தான் இயங்கும். ஆகவே, தவறுதலாக விரல் பட்டுப் பணம் சென்றுவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. கணக்கு விவரங்களைக் கேட்கும்போது இயர்போன் அணிவது நலம். அருகிலிருப்போர் காணாதவாறு திரையை இருளாக்கிவிட்டுப் பயன்படுத்தவும் வழியுண்டு. மங்கலான பார்வை உடையோர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ரூபாய்த் தாளின் மதிப்பை அறிய, இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று ‘மணி’ என்னும் இலவசச் செயலியை வெளியிட்டது. தாளைக் கேமராவின் முன் காட்டினால் அதன் மதிப்பை இச்செயலி சொல்லும். இணைய இணைப்பு தேவையில்லை. ஆயினும், தாள் நல்லதா கள்ளத்தாளா என்பதை இச்செயலி உறுதிசெய்யாது.

செவித்திறன், கைத்திறன் குறைந்தோருக்கு

எதிரில் இருப்பவர் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி, கிளையின் முகப்பிலும் பெரிதும் உதவும். அறிவிப்புகளை அதிர்வாலும் ஒளியாலும் உணர்ந்துகொள்ளலாம். விரல்களை இயக்க இயலாதோர் ‘வாய்ஸ் அக்சஸ்’ மூலம் குரலாலேயே கைபேசியை இயக்கலாம். ஆனால், இரகசிய எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள்.

உரிமையும் எச்சரிக்கையும்

காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, இணைய வங்கிச் சேவை ஆகியவற்றைப் பார்வையற்றோருக்கு மறுக்கக் கூடாதென 2008லேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. காணொளி வழி அடையாளச் சரிபார்ப்பில் ‘கண் சிமிட்டுக’ எனக் கேட்பது பலருக்கும் தடையாக இருந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாற்று வழிகளை ஏற்கப் பணித்ததோடு, மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும் உரைத்தது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அணுகல்தன்மைக்கான அனுமதியைப் பெறும் செயலியால் உங்கள் திரையைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் இயலும். மோசடிக்காரர்கள் குறிவைப்பது இதனைத்தான். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த இணைப்பின் வழியே நிறுவிய செயலி இவ்வனுமதியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இவ்வசதிகளை அமைத்துக்கொள்ள உதவி தேவையெனில் உங்கள் கிளையை அணுகுங்கள். அப்போதும் இரகசிய எண்ணை நீங்களே உள்ளிடுங்கள். எங்கள் அலுவலருக்கும் அதனைச் சொல்ல வேண்டாம்.