‘பார்த்து வேலை செய்’ என்றால் போதுமா?

கேள்வி–பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பூச்சி, உரம், மானியம் பற்றியவை. சென்ற மாதம் வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவர். ரோட்டவேட்டரில் சுற்றிய தட்டையை எடுக்க அவருடைய தம்பி குனிந்தபோது வேட்டி நுனி சிக்கி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. “வண்டியை ஓட்டியது நான்தான். பார்த்து வேலை செய் என்று தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்?” என்று கேட்டிருந்தார்.

இரண்டு வரியில் பதில் சொல்லும் கேள்வி இல்லை இது. அதனால் இந்தக் கட்டுரை.

‘பார்த்து வேலை செய்’ என்ற சொல்லைக் கேட்காமல் கிராமத்தில் வளர்ந்தவர் யாரும் கிடையாது. ஆனால், விடிகாலை நான்கு மணிக்குப் பால் கறந்து, வெயிலில் உழுது, பகல் ஒரு மணி வரை சாப்பிடாமல் இருப்பவருக்கு ஒரு நொடி கவனம் தப்பத்தான் செய்யும். அந்த ஒரு நொடிக்கு விலை ஒரு சிராய்ப்பா, ஒரு காலா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய கவனம் அல்ல. அவர் பக்கத்தில் இருக்கும் இயந்திரமும் கிணறும் கம்பியும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான். இதை ‘விதி’ என்று சொல்லி முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு நொடியில் ஒரு வேட்டி

டிராக்டரின் பின்னால் ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். நொடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு ஒரு சாண் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நொடிக்குள் நாலு முழ வேட்டி முழுவதும் அதில் சுற்றிவிடும். சிக்கிவிட்டது என்று மூளை உணர்ந்து கையை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஓட்டுநர் கிளட்சை மிதிப்பதற்கும் நேரம் இருக்காது.

புதிய ரோட்டவேட்டர் வரும்போது இந்தத் தண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உறை தண்டோடு சேர்ந்து சுற்றாமல் இருக்க ஒரு சிறு சங்கிலியும் இருக்கும். உள்ளே தண்டு சுற்றினாலும் வெளியே உறை நிற்கும். துணி பட்டாலும் இழுக்காது. கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று முதல் வருடமே அதைக் கழற்றி எறிந்துவிடுகிறோம், அல்லது உடைந்த பிறகு மாற்றுவதில்லை. உறை தனியாக உதிரிபாகக் கடையில் கிடைக்கும். தண்டின் நீளத்தை அளந்துகொண்டு போய்க் கேளுங்கள். டிராக்டர் பக்கம் தண்டு மாட்டும் இடத்தில் இருக்கும் இரும்பு மூடியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது சாவி. பின்னால் குனிகிறவர் ஒருவர், என்ஜின் ஓட்டுநர் கையில் என்ற ஏற்பாடுதான் ஆபத்து. பி.டி.ஓ.வை எடுத்துவிட்டு, என்ஜினை நிறுத்தி, சாவியைக் குனிகிறவர் தன் மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். கத்தி முழுதும் நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். கடிதம் எழுதிய அன்பருக்கு என் பதிலில் முக்கியமான பகுதி இதுதான். இதற்குப் பைசா செலவில்லை.

வாடகை வண்டி என்றால் மணிக்கணக்கு. என்ஜினை நிறுத்தினால் நேரம் போகிறது என்ற அவசரம் இரு பக்கமும் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இயந்திரத்தோடு வேலை செய்யும் நாளில் வேட்டி, துண்டு வேண்டாம். அரைக்கால் சட்டை போதும். பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டு முந்தானையை உள்ளே செருகிக்கொள்வது நல்ல வழக்கம். புல் நறுக்கும் இயந்திரத்துக்கும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் இதே கதைதான். பெல்ட் மூடியும், புல் தள்ளும் நீளமான தொட்டியும் இல்லாத இயந்திரத்தை விலை குறைவு என்று வாங்காதீர்கள். மானியத்தில் வாங்கிய இயந்திரத்தின் பக்கத்தில் விவசாயியை நிறுத்திப் படம் எடுக்கிறோம். உறை இருப்பதையும் ஒரு படம் எடுக்கச் சொல்லி விதி வந்தால் நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

டிராக்டர் குப்புறக் கவிழ்வதைவிட, முன்பக்கம் தூக்கி மல்லாக்கக் கவிழ்வது கொடியது. சேற்றில் பின்சக்கரம் புதைந்தால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. கட்டை மண்ணில் குத்திச் சக்கரம் சுற்ற முடியாமல் போனால், என்ஜின் விசை வண்டியையே அச்சைச் சுற்றித் தூக்கிவிடும். குதிக்க நேரம் கிடைக்காது. ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் இன்னொரு வண்டியை வைத்துக் கீழ்க்கொக்கியில் கட்டி இழுக்கச் செய்யுங்கள். சாலையில் ஏறும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைப்பதை மட்டும் யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், அழுதாலும் சரி.

கிணற்றுக்குள் இறங்கும் முன்

ஒருவர் கிணற்றில் தூர் வார இறங்கி மயங்கினார், காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார், அவரைத் தேடி மூன்றாமவர் இறங்கினார். கோடை தோறும் செய்தித்தாளில் இதைப் படிக்கிறோம். பெரும்பாலும் அண்ணன் தம்பிகள், அப்பா மகன்.

நெடுநாள் புழங்காத கிணற்றில் இலைதழை அழுகும்போது கரியமில வாயுவும் சில நேரம் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. இவை காற்றைவிடக் கனமானவை. அடியில் தேங்கி நிற்கும். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் பெரியவர்கள் காட்டிய வழி. விளக்கு அணைந்தால் கண்டிப்பாக இறங்கக் கூடாது. ஆனால், விளக்கு எரிந்தால் பயமில்லை என்று அர்த்தம் இல்லை. டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது, விளக்கையும் அணைக்காது, ஆளை மட்டும் சாய்த்துவிடும். ஆகவே என்ஜினை மேலே வைத்துத்தான் ஓட்ட வேண்டும். வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் ஆட்டுவது காற்றை ஓரளவு கலக்கும். அதை மட்டும் நம்பி இறங்குவது தவறு. ஊதுகாற்றாடி வைத்து வெளிக்காற்றை அடிவரை செலுத்துவது மேல்.

இறங்குகிறவரின் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும். தலை சுற்றுகிறது என்றால் இழுத்துவிடலாம். யாரும் பின்னால் இறங்கத் தேவையில்லை. கயிறு இல்லாமல் ஒருவர் விழுந்துவிட்டால், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் இறங்காதீர்கள். 101-ஐக் கூப்பிடுங்கள். தீயணைப்புத் துறையினரிடம் மூச்சுக் கருவி உண்டு. இதைச் சொல்வது எளிது, கேட்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கயிற்றை முதலிலேயே கட்டச் சொல்கிறேன்.

கைவிட்ட ஆழ்துளைக் கிணறு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததையும், நாட்கணக்கில் நடந்த மீட்புப் பணியையும் தமிழ்நாடே பார்த்தது. தண்ணீர் வராத குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. பயன்பாட்டில் உள்ள குழாய்க்கு இரும்பு மூடியை வெல்டிங் செய்தோ போல்ட் போட்டோ மூட வேண்டும். சாக்கும் அதன்மேல் ஒரு கல்லும் மூடி ஆகாது.

கடித்ததே தெரியாத கடி

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக் கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவிக்கப்பட்டுள்ளது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும்தான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். இவற்றில் கட்டுவிரியன் தனி ரகம். இரவில் வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். விடிந்ததும் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் இமை தொங்குவது என்று தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் நேரத்தில்தான் உயிர் போகிறது. தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை தொங்கினால் நேராக அரசு மருத்துவமனைதான். கட்டில் இல்லாவிட்டாலும் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுத்தால் இந்தக் கடியைப் பெருமளவு தவிர்க்கலாம். கொசுவுக்காக வாங்கும் வலைதான் இதற்கும்.

கடிபட்டவரை நடக்க விடாமல், மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, காலையோ கையையோ அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி 108-ல் அனுப்புங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேடு. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்து தயாராகும் மருந்துதான் நாடு முழுவதும் உயிர்களைக் காக்கிறது.

மோட்டார் கொட்டகையில் எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த எர்த் இருந்தும் இல்லாததற்குச் சமம். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு மாட்டுங்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு போதும். காட்டுப்பன்றிக்கு நேரடி மின்சாரம் விட்ட வேலி, பன்றியைவிட வைத்தவர் குடும்பத்தையும் பக்கத்துக் காட்டுக்காரரையும்தான் அதிகம் பயமுறுத்துகிறது. அது குற்றம், சிறை. விட்டு விட்டு அதிர்வு கொடுக்கும் சூரியசக்தி வேலி வேறு. அதை முறைப்படி அமைக்கலாம்.

பூச்சிமருந்து பற்றி இந்த இதழில் பலமுறை எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும்: மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால், மருத்துவரிடம் போகும்போது மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து கொடுக்க முடியும்.

கடிதத்தின் கடைசியில் காப்பீடு பற்றியும் கேட்டிருந்தார். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் (சுரக்‌ஷா பீமா) ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து பிடிப்பார்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ, இரண்டு கால் அல்லது இரண்டு கை போனாலோ 2 லட்சம், ஒரு கால் அல்லது ஒரு கை முழுதும் பயனற்றுப் போனால் 1 லட்சம். பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனே மருத்துவமனையில் சேர்த்த பதிவு வேண்டும். அதனால் சீட்டைத் தொலைக்காதீர்கள். கணக்கில் மே மாத இறுதியில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும். பாஸ்புத்தகத்தில் பிடித்தம் வந்திருக்கிறதா என்று ஜூனில் ஒருமுறை பதிவு போட்டுப் பாருங்கள்.