மேடையும் வழியும்: கிறித்தவ இசைக்குழுக்களின் பயணக் காணொளிகளை ஆவணமாக வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ ராக் இசைக்குழுக்கள் தம் சுற்றுப்பயண வாழ்வைக் காணொளியாகப் பதிவுசெய்து வெளியிடும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. இவ்வகைப் படங்களின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது. ஊர் ஊராகச் சென்று பாடி இறைச்செய்தி சொல்லும் தமிழ்க் கிறித்தவ மரபோடு அவற்றை ஒப்பிடுகிறது. மேடைப் பாடலைக் காட்டும் பகுதியைவிட, மேடைக்கு வெளியேயுள்ள வழியைக் காட்டும் பகுதியே ஆய்வுக்கு மிகுந்த பயன் தருவது என்பதும், தமிழ்ச் சூழலில் அப்பகுதியே முதலில் அழிகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பயணக் காணொளி, கிறித்தவ ராக் இசை, காலட்சேபம், ஆற்காடு மிஷன், பறை, ஆவணக்காப்பு.

முன்னுரை

இசைக்குழு ஒன்றின் வாழ்வில் மேடையில் கழியும் நேரம் மிகக் குறைவு. இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்காக ஒரு பகல் முழுவதும் பயணம் நிகழ்கிறது. கருவிகளை இறக்குதல், ஒலியமைப்பைச் சரிபார்த்தல், காத்திருத்தல், நிகழ்ச்சி, மீண்டும் கருவிகளை ஏற்றுதல் என்னும் சுழற்சி நாள்தோறும் தொடர்கிறது. இச்சுழற்சியின் நடுக்கூறாகிய நிகழ்ச்சி மட்டுமே இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் இடம்பெற்று வந்தது. எஞ்சியவற்றைக் காட்டும் வடிவமாகப் பயணக் காணொளி தோன்றியது.

சமயம் சார்ந்த இசைக்குழுவுக்கு இவ்வடிவம் கூடுதல் பொருள் உடையது. தாம் பாடுவதை வாழ்வதாகவும் கூறும் ஒரு குழு, மேடையை விட்டு இறங்கியபின் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது அதன் அவையோர்க்கு இயல்பாக எழும் வினா. அவ்வினாவுக்கு விடையளிப்பதாகவே கிறித்தவ இசைக்குழுக்களின் பயணக் காணொளி தன்னை முன்வைக்கிறது. அவ்விடையை ஆய்வாளர் எவ்வாறு எடுத்துக்கொள்வது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பயணக் காணொளியின் தோற்றம்

1960களில் கையில் ஏந்தக்கூடிய எடை குறைந்த ஒளிப்பதிவுக் கருவியும், படத்தோடு இணைந்தோடும் ஒலிப்பதிவுக் கருவியும் பயன்பாட்டுக்கு வந்தன. வருணனையும் முன்னேற்பாடும் இன்றி நிகழ்வதை நிகழ்ந்தவாறே பின்தொடரும் நேரடித் திரைப்பாணி இதனால் இயல்வதாயிற்று. பாப் டிலன் 1965இல் இங்கிலாந்தில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தை டி. ஏ. பென்னிபேக்கர் பதிவுசெய்து 1967இல் வெளியிட்ட ‘டோன்ட் லுக் பேக்’ இப்பாணியின் முன்மாதிரிகளுள் ஒன்று. விடுதி அறை, வண்டிப் பயணம், செய்தியாளருடன் வாக்குவாதம் ஆகியவை பாடலுக்கு இணையான இடத்தை அப்படத்தில் பெற்றன.

கிறித்தவ ராக் இசையும் ஏறத்தாழ அதே காலத்தில் உருப்பெற்றது. லாரி நார்மனின் ‘அப்பான் திஸ் ராக்’ என்னும் இசைத்தொகுப்பு 1969இல் வெளிவந்தது. 1972இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் தோன்றிய பெட்ரா குழு, 1986இல் தன் மேடை நிகழ்ச்சியை இசைத்தொகுப்பாகவும் காணொளியாகவும் வெளியிட்டது. டிசி டாக் குழுவின் ‘வெல்கம் டு தி ஃப்ரீக் ஷோ’ என்னும் மேடைப் பதிவு 1990களின் பிற்பகுதியில் காணொளி வடிவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் இசைத்தொகுப்பு கிராமி விருதும் பெற்றது. 2013இல் ஸ்விட்ச்ஃபுட் குழு வெளியிட்ட ‘ஃபேடிங் வெஸ்ட்’ இப்போக்கின் முதிர்ந்த நிலை. உலகின் பல கடற்கரைகளுக்குச் சென்ற பயணமும், குடும்பத்தைப் பிரிந்திருக்கும் நெருக்கடியும் அதன் மையப் பொருள்கள். தம் இசையைக் ‘கிறித்தவ இசை’ என்று வகைப்படுத்துவதில் தயக்கம் காட்டிய குழு அது என்பதும் கருதத்தக்கது.

இந்தியாவிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. கேரளத்தில் ஜீசஸ் யூத் இயக்கத்திலிருந்து உருவான ரெக்ஸ் பேண்ட், கத்தோலிக்கத் திருச்சபையின் உலக இளைஞர் நாள் கூடுகைகளில் பாடி வந்துள்ளது.

காணொளியின் மூன்று பணிகள்

இவ்வகைப் படங்கள் மூன்று பணிகளைச் செய்கின்றன. முதலாவது, சான்று பகர்தல். மேடையேறுவதற்குச் சற்றுமுன் உறுப்பினர்கள் வட்டமாக நின்று இறைவேண்டல் செய்யும் காட்சி இப்படங்களில் அடிக்கடி இடம்பெறும். அதையடுத்து மேடை விளக்குகள் ஒளிரும் காட்சி வரும்படி தொகுக்கப்பட்டால், இசை நிகழ்ச்சி அவ்வேண்டலின் தொடர்ச்சியாகத் தோன்றும். இது படத்தொகுப்பு உருவாக்கும் பொருள். வேண்டல் உண்மையாக நிகழ்ந்ததே; ஆயினும் அதற்கும் மேடைக்கும் இடைப்பட்ட நேரத்தில் நிகழ்ந்த பிறவற்றைத் தொகுப்பு விலக்கிவிடுகிறது.

இரண்டாவது, நெருக்கத்தை உண்டாக்குதல். களைப்பு, நகைச்சுவை, சிறு பிணக்கு ஆகியவற்றைக் காட்டுவதன்வழிக் கலைஞர் பார்வையாளருக்கு அணுக்கமானவர் ஆகிறார். இந்நெருக்கம் வணிகப் பயனும் உடையது. இசைத்தொகுப்பு வெளியீடு, சுற்றுப்பயணம், காணொளி என்னும் தொடரில் ஒன்று மற்றொன்றின் விற்பனைக்குத் துணைபுரிகிறது.

மூன்றாவது, உழைப்பை வெளிப்படுத்துதல். இது படைப்பாளரின் நோக்கமாக இல்லாதபோதும் நிகழ்கிறது. ஒலிபெருக்கியைச் சுமப்பவர், இரவெல்லாம் வண்டி ஓட்டுபவர், நுழைவாயிலில் நாடா விற்பவர் ஆகியோர் சட்டகத்தின் ஓரத்தில் தோன்றி மறைகின்றனர். முதல் இரு பணிகளும் குழுவினர் தம்மைப் பற்றிச் சொல்ல விரும்பியவை. மூன்றாவது, அவர்கள் சொல்ல எண்ணாமல் சொல்லியது. ஆய்வாளருக்கு மிகுந்த பயன் தருவது இம்மூன்றாவது பணியே.

தமிழ்க் கிறித்தவ மரபில் வழி

ஊர் ஊராகச் சென்று இசைவழி இறைச்செய்தி சொல்லுதல் தமிழ்க் கிறித்தவத்தில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வழக்கம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ உள்ளிட்ட நூல்களை இயற்றியதோடு அவற்றைப் பாடிப் பரப்பியவர். அவர் மரபினரும் தலைமுறைகள்தோறும் காலட்சேபம் நிகழ்த்தினர். தலைமைப் பாடகர், பின்பாட்டுக்காரர், தாளக் கருவி இசைப்போர் என அமையும் காலட்சேபக் குழு, அமைப்பு முறையில் இன்றைய இசைக்குழுவுக்கு அயலானதன்று. ஈரோட்டில் பணியாற்றிய லண்டன் மிஷன் சங்கத்தின் எச். ஏ. பாப்லி, இம்மரபைக் கற்றுச் சிற்றூர்களில் பயன்படுத்தினார். இந்திய இசை பற்றிய அவரது ஆங்கில நூல் 1921இல் வெளிவந்தது.

வேலூர், ஆற்காடு, ஆம்பூர், சோளிங்கர் ஆகியவை அடங்கிய வட ஆற்காட்டுப் பகுதியில் இவ்வரலாறு தனித்தன்மை உடையது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தோற்றுவித்தனர். ஆங்கிலப் பள்ளிகளைக் காட்டிலும் ஊர்களுக்குச் சென்று தாய்மொழியில் உரையாற்றுவதற்கே தொடக்கத்தில் அவர்கள் முதன்மை அளித்தனர். எனவே சுற்றுப்பயணம் அவர்தம் பணியின் அடிப்படை வடிவமாயிற்று. 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. இன்றைய சோளிங்கர் நிலையம் அவ்வழியில்தான் அமைந்துள்ளது. எனினும் நிலையம் இருப்பது பாணாவரத்தில், ஊரிலிருந்து விலகி. தொடர்வண்டி வந்த பின்னரும் ஊர்களை அடைய மாட்டு வண்டியும் நடையுமே துணையாயின என்பதற்கு இவ்வமைப்பே சான்று.

இம்மிஷனின் பயணங்களுள் புகழ்பெற்றது, மதனப்பள்ளியில் பணியாற்றிய மருத்துவர் ஜேக்கப் சேம்பர்லின் 1863இல் மேற்கொண்டது. ஐந்து மாதங்களில் ஏறத்தாழ 1200 மைல் தொலைவு சென்ற அவருடன் இந்திய உதவியாளர்களும் சென்றனர். பின்னாளில் அவர் எழுதிய ‘இன் தி டைகர் ஜங்கிள்’ (1896) என்னும் நூல் இப்பயண அனுபவங்களை விவரிக்கிறது. அதைப் பயணக் காணொளிக்கு முந்தைய எழுத்து வடிவம் எனலாம். இடர்களும் மக்கள் கூட்டமும் மீட்பும் அதில் உண்டு. அந்நூலுக்கும் காணொளிக்குரிய அதே வரையறை உண்டு: வழியைக் காணும் கண் ஒன்றே. உடன்சென்றவர் பட்ட பசியும் அச்சமும், தம் மக்களிடையே அவர்கள் எதிர்கொண்ட ஏச்சும், எழுதியவர் கருதிய அளவிலேயே நமக்குக் கிடைக்கின்றன.

சோளிங்கர் வட்டாரத்தின் வழிகள் கிறித்தவருக்கு மட்டும் உரியன அல்ல. திருக்கடிகை என்னும் பெயரால் வைணவத் திவ்வியதேசமாகப் போற்றப்படும் இவ்வூர் மலைக்கோயிலுக்குப் பசனைக் குழுக்கள் வருகின்றன. வட ஆற்காடு தெருக்கூத்துக்கும் பெயர்பெற்றது. இரவு முழுவதும் ஆடி, விடியலில் பெட்டி சுமந்து அடுத்த ஊர் செல்லும் கூத்துக் குழுவும், மார்கழிக் குளிரில் வீடு வீடாகச் செல்லும் கிறிஸ்துமஸ் பாடற்குழுவும் ஒரே சாலையில் நடப்பவை. ஆகவே கிறித்தவக் குழுவின் பயண வாழ்வை, அப்பகுதியின் பிற பயணக் கலைஞர் வாழ்வோடு சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

ஒளிப்பதிவில் பறை

தமிழ்ச் சூழலில் பயணக் காணொளியின் மூன்றாவது பணியை முதன்மையாக்கிய படங்களும் உள்ளன. அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன், தமிழ்க் கிறித்தவ நாட்டார் இசையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய, ‘பறட்டை’ என அழைக்கப்பட்ட ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005) இயற்றிய பாடல்களைப் பற்றிய அவரது நூல் 2014இல் வெளிவந்தது. வல்லுநர் துணையும் விலையுயர்ந்த கருவியும் இன்றி மக்கள் தாமே பாடவும் மாற்றவும் கூடிய இசையே ஒடுக்கப்பட்டோர்க்கு உரியது என்பது அப்பாவுவின் நிலைப்பாடு.

ஷெரினியன் 2011இல் இயக்கிய ‘திஸ் இஸ் எ மியூசிக்’ என்னும் ஆவணப்படம் முனைவென்றி ஊரின் குறிஞ்சி மலர் பறைக்குழுவைப் பின்தொடர்கிறது. 2018இல் வெளியான ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’, திண்டுக்கல் சக்தி கலைக்குழுவைப் பற்றியது. அருட்சகோதரி சந்திரா தொடங்கிய இக்குழு, தலித் இளம்பெண்களுக்குப் பறை முதலிய கலைகளைப் பயிற்றி மேடையேற்றுகிறது. இக்குழுக்களை ராக் இசைக்குழு என்றோ, சமயப் பரப்புரைக் குழு என்றோ கூற இயலாது. ஆயினும், சமய ஈடுபாட்டிலிருந்து தோன்றிய ஓர் அமைப்பின் இசைக்குழு எவ்வாறு பயில்கிறது, எவ்வாறு உடனுறைகிறது, எவ்வாறு பொதுவெளியில் நிற்கிறது என்பதைக் காட்டுவதில் இப்படம் நம் பொருளுக்கு மிக அணித்தானது.

இங்கு வழியைக் காட்டுவதற்குச் சமூகப் பொருள் உண்டு. பறை இசைப்பவர் மேடையில் கைதட்டல் பெறுவதை மட்டும் காட்டும் படம், அவருக்கு மதிப்புக் கிட்டிவிட்டதாகத் தோற்றம் தரும். அவர் எந்த வாயிலில் நுழைந்தார், எங்கே உண்டார், எவ்வளவு ஊதியம் பெற்றார், ஊர் திரும்பியபின் எவ்வாறு அழைக்கப்பட்டார் என்பவற்றுக்கு மேடையில் விடை இல்லை. அமெரிக்கப் பயணக் காணொளியில் மேடைக்கு வெளியிலான காட்சி கலைஞரின் நேர்மைக்குச் சான்று. தமிழ்நாட்டிலோ அக்காட்சி அவையோரின் நேர்மைக்குச் சான்றாகிறது.

பாதுகாப்பும் வாசிப்பு முறையும்

வீட்டு ஒளிப்பதிவுக் கருவிகள் பரவிய காலந்தொட்டுத் தமிழ்த் திருச்சபைகளின் நற்செய்திப் பெருவிழாக்களும் பாடற்குழுப் பயணங்களும் பதிவாகி வந்தன. அவற்றில் பாடல் பகுதி வெட்டியெடுக்கப்பட்டுக் குறுந்தட்டாகவும் பின்னர் இணையக் காணொளியாகவும் வாழ்கிறது. தொகுப்புக்கு முந்தைய மூலப்பதிவு பெரும்பாலும் பேணப்படுவதில்லை. வழியைக் காட்டும் காட்சிகள் அதில்தான் இருக்கும். காந்த நாடாவின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. ஆகவே 1990களில் பதிவான நாடாக்கள் தம் எல்லையை எட்டிவிட்டன. அவற்றை இயக்கும் கருவிகளும் அருகிவருகின்றன.

இந்நிலையில் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க முறைகள் சில உள. மூலப்பதிவையும் தொகுத்த வடிவையும் தனித்தனியே பெற்று, விடுபட்டவை யாவை எனப் பட்டியலிடலாம். ஒலி, மேடைக் கலவைப் பலகையிலிருந்து பெறப்பட்டதா, ஒளிப்பதிவுக் கருவியின் ஒலிவாங்கியில் பதிந்ததா என்பதைக் குறிக்கலாம். முன்னதில் பாடகர் குரல் தெளிவாக இருக்கும், பின்னதில் கூட்டத்தின் குரலும் கேட்கும். சட்டகத்தின் ஓரத்தில் தோன்றுவோரை இனங்காண உள்ளூர் முதியோரின் துணையை நாடலாம். வண்டி வாடகை, ஒலிபெருக்கி வாடகை, காணிக்கை, ஊதியம் ஆகியவற்றின் கணக்கேடுகளைக் காணொளியோடு ஒப்பிடலாம்.

இதில் அறநெறிக் கடமையும் உண்டு. மேடையில் பாடியவர் பொதுமக்கள் காண இசைந்தவர். வண்டியில் உறங்கிக்கொண்டு வந்தவர் அவ்வாறு இசைந்தவர் அல்லர். குறிப்பாக, கலைஞரின் சாதியையோ வறுமையையோ வெளிப்படுத்தும் காட்சிகளை அவர்தம் இசைவின்றி வெளியிடுதல் முறையன்று. பேணுதல் வேறு, வெளியிடுதல் வேறு என்னும் தெளிவு ஆவணக்காப்பில் இன்றியமையாதது.

முடிவுரை

கிறித்தவ இசைக்குழுவின் பயணக் காணொளி, குழு தன்னைப் பற்றிச் சொல்லும் சான்றாகவும், பார்வையாளரோடு கொள்ளும் நெருக்கமாகவும், அறியாமலே பதிவான உழைப்பின் ஆவணமாகவும் ஒருசேர விளங்குகிறது. சாஸ்திரியாரின் காலட்சேபம் முதல் இன்றைய மின்கிதார்க் குழு வரை, தமிழ்க் கிறித்தவ இசையின் வரலாறு பாடலாசிரியர் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. தாளம் இசைத்தவர், சுமை தூக்கியவர், வண்டி ஓட்டியவர் ஆகியோரையும் உள்ளடக்கிய வரலாற்றுக்குரிய மூலங்கள் திருச்சபை அலுவலக அலமாரிகளிலும், கல்யாண வீடியோ நிலையங்களிலும், குடும்பப் பெட்டிகளிலும் நாடாக்களாக எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. சோளிங்கர் போன்ற சிற்றூர்களை அடுத்துள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் தத்தம் வட்டார அளவில் அவற்றைத் திரட்டி எண்மப்படுத்துதல் உடனடித் தேவையாகும். பாடல்களைப் பாடுவோர் நினைவு ஓரளவு காத்துக்கொள்ளும்; வழியைக் காப்பதற்கு நாடாவைத் தவிர வேறு துணை இல்லை.