திமிங்கிலத்தின் பந்துக்கள்

மீனின் வடிவமே கொண்டிருந்தும் குட்டிக்குப் பாலூட்டி நுரையீரலால் சுவாசிக்கும் திமிங்கிலத்தை இயற்கையியலறிஞர் லின்னேயஸ் 1758-லேயே பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டாராயினும், அவ்வர்க்கத்தில் அதற்கு நெருங்கிய பந்து யார் என்ற வினா இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தீராதிருந்தது. வெறும் வடிவ ஒற்றுமை உறவுக்குச் சாட்சியாகாது. ஒரு பொது மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் சந்ததிக்கு மட்டுமே வாய்த்த லட்சணமே சாட்சி. 1990-களில் மரபணுக்களை ஒப்பிட்டோர் நீர்யானையைச் சுட்டியபோது எலும்பாராய்ச்சியாளர் பலர் ஐயுற்றனர். ஆயின், பாகிஸ்தானத்துப் பாறைகளில் கிடைத்து 2001-இல் வெளியிடப்பெற்ற, ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் ஆண்டுப் பழமையுடைய, கால்கள் கொண்ட ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்போ, மான், பன்றி, ஒட்டகம் முதலிய இரட்டைக் குளம்புப் பிராணிகளுக்கே உரியவாறு மேலும் கீழும் கப்பிபோல் குடைந்திருந்தது! நீர்யானையும் இக்குலத்ததே.